வடிவமைப்பு விதி எங்கே குடியிருக்க வேண்டும்?

பழைய நூல் ஒன்றை மின்பதிப்பாக்கும் வேலையில் இறங்குபவர்கள், எழுத்துகளைத் தட்டச்சு செய்து ஒருமுறை மெய்ப்புப் பார்த்து முடிக்கும் தறுவாயில், பெரும்பாலும் ஒரே கேள்வியின் முன் வந்து நிற்கிறார்கள். அச்சுப் புத்தகத்தில் இயலின் தலைப்பு பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. மேற்கோள் பாடல்கள் உள்தள்ளி நிற்கின்றன. மூலம் தடித்த எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அச்சாகியிருக்கின்றன. இந்தத் தோற்றத்தை எங்கே எழுதிவைப்பது? பாடலின் ஒவ்வோர் அடியிலுமா, கோப்பைப் பற்றிய விவரங்கள் வரும் அதன் தலைப்பகுதியில் ஒரே இடத்திலா, கோப்புக்கு வெளியே தோற்ற விதிகளை மட்டும் தொகுத்த தனி ஸ்டைல்ஷீட்டிலா, பக்கங்களை உருவாக்கித் தரும் நிரலுக்குள்ளா, இணையதளத்தின் தரவுத்தளத்திலா? “அதைக் கணினிக்காரர் பார்த்துக்கொள்வார்” என்று பதிப்பாசிரியர்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஒரு விதி எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தைக் கையாள்பவர்தான் அதை மாற்ற முடியும். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே விதியின் இருப்பிடத்தை முடிவு செய்வது பதிப்பாசிரியரின் வேலை என்பது என் கட்சி.

குழப்பம் தொடங்குவது, இரண்டு வேறு செய்திகளை ஒரே மூட்டையில் கட்டுவதால்தான். முதலாவது, நம் கையில் இருக்கும் மூலம் எப்படித் தோற்றமளித்தது என்பது. 19ஆம் நூற்றாண்டில் அச்சான ஒரு பக்கத்தில் ஒரு பெயர் சாய்வெழுத்தில் இருந்தது என்றால் அது நடந்து முடிந்த சங்கதி. நாம் சரியாகப் பார்த்துக் குறித்தோமா என்ற ஒரே ஐயத்துக்குத்தான் அங்கே இடமுண்டு. இரண்டாவது, அதே பெயரை இன்றைய வாசகருக்கு, கைப்பேசியின் குறுகிய திரையிலோ அச்சுக்குப் போகும் பி.டி.எஃப். கோப்பிலோ, எப்படிக் காட்டப் போகிறோம் என்பது. அது நம் விருப்பம். அடுத்த ஆண்டு மாறலாம். வேறொரு பதிப்பகம் வேறு விதமாகச் செய்யலாம். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது தேவையே இல்லாமலும் போகலாம். முன்னதைச் சாட்சியம் என்றும் பின்னதைக் கொள்கை என்றும் நான் பிரித்துக்கொள்கிறேன். சாட்சியம் கோப்பை விட்டுப் பிரியக் கூடாது, கொள்கை கோப்புக்குள் நுழையக் கூடாது என்பது பொது நெறி. வாயால் சொல்லிவிடுவது எளிது. வேலையில் இறங்கினால் இந்த எல்லைக்கோடு பல இடங்களில் இழுபறியாகிறது.

உள்ளடக்கத்தையும் வடிவத்தையும் பிரிக்க வேண்டும் என்பது பழைய குரல். 1967 செப்டம்பரில் கனடா அரசு அச்சகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வில்லியம் டன்னிக்லிஃப் இதை வலியுறுத்திப் பேசினார். அக்காலத்தில் அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்கு அனுப்பும் கோப்புகளில், இங்கே எழுத்தின் அளவை மாற்று, இங்கே வரி இடம் விடு என்ற கட்டளைகளே நிறைந்திருந்தன. இயந்திரம் மாறினால் கோப்பைத் திருத்தி எழுத வேண்டும். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும், இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று மட்டும் குறிக்கும் ஜி.எம்.எல். மொழியை வகுத்தார்கள். அதன் வழியில் 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். பன்னாட்டுத் தரமாயிற்று, அதன் எளிய வடிவமாக 1998-இல் எக்ஸ்.எம்.எல். வந்தது. அலுவலக ஆவணங்களுக்கு இவ்வளவு போதும். ஒரு நிறுவனத்தின் கையேட்டில் தலைப்பு நீல நிறத்தில் இருந்ததா என்று ஐம்பது ஆண்டு கழித்து எவரும் ஆராயப் போவதில்லை.

இலக்கியப் பிரதிகளோடு வாழ்பவர்களால் அப்படி விட்டுவிட முடியவில்லை. 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பொகிப்சி நகரில், வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், ஆய்வுக்குரிய நூல்களைக் கணினியில் ஏற்றுவதற்கான பொது நெறிகளை வகுக்கத் தொடங்கினார்கள். டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ், சுருக்கமாக டி.இ.ஐ., என்று அறியப்படும் முயற்சி அதுதான். பிரதியியலாளருக்குத் தோற்றமும் ஒரு தடயம். எந்தச் சொல்லை அச்சகத்தார் பெரிய எழுத்தில் கோத்தார், எந்த வரியை உள்தள்ளினார் என்பதைக் கொண்டு, நூலை அக்காலத்தவர் எப்படிப் படித்தார்கள் என்பதை ஊகிக்க முடியும். ஆகவே, பிரதியின் பகுதிகளை இன்னதென்று அடையாளப்படுத்தும் குறிச்சொல் எதிலும், மூலத்தின் தோற்றத்தைப் பதிந்துகொள்ள ‘ரெண்ட்’ என்ற பண்பை (குறிச்சொல்லோடு சேர்த்து எழுதும் கூடுதல் விவரத்தை) டி.இ.ஐ. அனுமதித்தது. வழிகாட்டி நெறிகளில் அதன் விளக்கம் தெளிவாகவே இருக்கிறது: மூலத்தில் அது எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லும் பண்பு அது, திரையில் எப்படிக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்வதற்கானது அன்று. அந்த விளக்கத்தைப் படித்தவர்களைக் காட்டிலும், ‘ரெண்ட்’ என்றால் காட்சிக்கான கட்டளை என்று நினைத்துக்கொண்டு எழுதியவர்கள்தாம் அதிகம்.

‘ரெண்ட்’ பண்பின் மதிப்பு இன்னதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு திட்டம் ‘இட்டாலிக்’ என்று எழுதும். இன்னொன்று ‘இட்டாலிக்ஸ்’ என்று பன்மையில் எழுதும். மூன்றாவது திட்டத்துக்கு ‘ஐ’ என்ற ஓர் எழுத்தே போதும். மூன்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கும்போதுதான் தொல்லை புரியும். இதற்கு நேர் எதிரான துறவறமும் உண்டு. பழைய ஆங்கில அச்சு நூல்களைத் தட்டச்சு செய்து, 2015 தொடக்கத்தில் முதற்கட்டமாக ஏறத்தாழ 25,000 நூல்களைப் பொதுவெளிக்குத் தந்த ஈ.ஈ.பி.ஓ. – டி.சி.பி. திட்டம், எழுத்துரு மாறும் இடங்களை ‘ஹை’ என்ற குறிச்சொல்லால் அடையாளம் காட்டியது. எந்த எழுத்துருவிலிருந்து எதற்கு மாறியது என்பதைப் பெரும்பாலும் சொல்லவில்லை. முழுவதும் சாய்வெழுத்தில் அச்சான முன்னுரைக்குள் ஆட்பெயர் மட்டும் நிமிர்ந்த எழுத்தில் இருந்தால், அங்கேயும் அதே ‘ஹை’தான். அவ்வளவு நூல்களைக் கைக்கொண்ட திட்டத்துக்கு அது நியாயமான சிக்கனம் என்றே சொல்வேன். இங்கே ஏதோ வேறுபடுகிறது என்ற சாட்சியம் பிழைத்திருக்கிறது. எப்படி வேறுபட்டது என்று அறிய வேண்டியவர் பக்கப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

2007-இல் வெளிவந்து இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வரும் ஐந்தாம் பதிப்பில், அதாவது பி5-இல், ‘ரெண்ட்’ தவிர இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ‘ஸ்டைல்’ என்ற பண்பில், இணையப் பக்கங்களின் தோற்றத்தை விவரிக்கும் சி.எஸ்.எஸ். போன்ற முறையான மொழியில் தோற்றத்தை அந்தந்த இடத்திலேயே எழுதலாம். ‘ரெண்டிஷன்’ என்ற பண்பில் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. கோப்பின் தலைப்பகுதியில் வேறோர் இடத்தில் இருக்கும் விவரிப்பைச் சுட்டினால் போதும். அங்கே ‘சாய்வு’ என்ற அடையாளத்தோடு ஒரு ‘ரெண்டிஷன்’ உறுப்பை வைத்து, அதற்குள் சி.எஸ்.எஸ். மொழியில் சாய்வெழுத்து என்று ஒரே ஒருமுறை எழுதுகிறோம். நூலில் சாய்வெழுத்து வரும் இடமெல்லாம் ‘#சாய்வு’ என்று சுட்டுகிறோம். இன்னும் ஒரு படி மேலே போய், அந்த உறுப்பிலேயே ‘செலக்டர்’ என்ற பண்பைச் சேர்த்து, இந்நூலின் இயல் தலைப்புகள் எல்லாம் நடுவில் அமைந்தவை என்று அறிவித்துவிட்டால், தனித்தனிச் சுட்டும் வேண்டாம். விதிவிலக்காக ஒரு தலைப்பு இடப்பக்கம் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ‘ஸ்டைல்’ எழுதலாம். மூன்றும் மோதினால் இடத்துக்கு மிக அருகில் எழுதியதே செல்லும்.

சாட்சியத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் முடிவு. தலைப்பகுதி கோப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. கோப்பு எந்தக் களஞ்சியத்துக்குப் போனாலும், எந்த மென்பொருளில் திறந்தாலும், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் விதத்தில் விவரம் உள்ளேயே இருக்கிறது. பிழை கண்டால் ஒரே இடத்தில் திருத்தலாம். பிரதிக்குள் ‘ஸ்டைல்’ பண்புகள் வரிக்கு வரி இறைந்து கிடந்தால், பத்து ஆண்டு கழித்து வரும் பதிப்பாசிரியருக்கு எது விதி, எது விலக்கு என்றே தெரியாமல் போகும்.

ஒரு தொகுப்பில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தால் இதே விவரிப்பை ஒவ்வொரு தலைப்பகுதியிலும் நகலெடுத்து ஒட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சுட்டு என்பது இணைய முகவரி போன்றதாகையால், பொதுவான ஒரு கோப்பில் விவரிப்புகளை வைத்து எல்லாக் கோப்புகளிலிருந்தும் அதையே சுட்ட முடியும். ஒரே அச்சகத்தில் ஒரே வார்ப்பில் அச்சான இதழ்த் தொகுப்பென்றால் நானும் அப்படித்தான் செய்வேன். தனித்தனி நூல்கள் என்றால் நகலெடுப்பதையே விரும்புவேன். கோப்பு தனியாக எங்கேனும் போய்ச் சேரும்; அப்போது அதன் சுட்டு எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு கசிவு இருக்கிறது. சாட்சியத்தைச் சி.எஸ்.எஸ். மொழியில் எழுதியவுடன், அது அப்படியே திரைக்குப் போய்ச் சேரும் வழியும் திறந்துவிடுகிறது. டி.இ.ஐ. கோப்பை உலாவியில் நேரடியாகக் காட்டும் செட்டேஷியன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுதி, தலைப்பகுதியில் சி.எஸ்.எஸ். ஆக எழுதப்பட்ட ‘ரெண்டிஷன்’களை எடுத்து அப்படியே பக்கத்தின் ஸ்டைலாகப் பொருத்திவிடும். பயன்படுத்திப் பார்த்தால் மிகவும் வசதியாக இருக்கும். விரைவில் பார்க்க வேண்டிய வரைவுகளுக்கு நானும் அதையே நாடுகிறேன். ஆனால் அந்த வசதிக்குப் பழகியவர், திரையில் தலைப்பு சற்றுப் பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்தால், தலைப்பகுதிக்குப் போய் எழுத்தளவைக் குறைத்துவிடுவார். பழைய அச்சுப் பக்கத்தைப் பற்றிய வாக்குமூலம் ஒன்று, இன்றைய கைப்பேசியின் அகலத்துக்காகத் திருத்தப்பட்டுவிடும். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. இடம் அதற்கு வழிவிட்டது, அவ்வளவுதான்.

கொள்கைக்கு வருவோம். கோப்புக்கு வெளியே வைப்பதன் பயன் எவ்வளவு என்பதைக் கல்வெட்டுப் பதிப்பில்தான் நான் கண்ணாரக் கண்டேன். மேலைநாட்டுக் கல்வெட்டியலாளர்கள் 1931-இல் லைடன் நகரில் உடன்பட்ட குறியீட்டு முறையில், அழிந்துபோய்ப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்துகள் சதுர அடைப்புக்குள் வரும்; தெளிவில்லாத எழுத்தின் கீழே புள்ளி வரும். நம் கல்வெட்டுகள் வெளியான எபிகிராஃபியா இண்டிகாவின் மரபில், சிதைந்து ஐயத்தோடு படிக்கப்பட்ட எழுத்துகளுக்கே சதுர அடைப்பு. பதிப்பாசிரியர் நிரப்பியதென்றால் அடைப்புக்குள் ஓர் உடுக்குறியும் (*) சேரும். அதாவது, ஒரே அடைப்பு ஒரு மரபில் ‘கல்லில் இல்லை’ என்றும், மற்றொன்றில் ‘கல்லில் இருக்கிறது, சிதைந்திருக்கிறது’ என்றும் பொருள்படுகிறது. அடைப்பையே பிரதிக்குள் தட்டச்சு செய்துவைத்தவரின் கோப்பை, அவர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்று அறியாமல் படிக்கவே முடியாது.

டி.இ.ஐ. நெறிகளைக் கல்வெட்டுக்கென்று செம்மைப்படுத்திய எபிடாக் முறை இந்தச் சிக்கலை வேரோடு அகற்றுகிறது. அழிந்து நிரப்பப்பட்டது என்றால் ‘சப்ளைடு’ என்ற குறிச்சொல், காரணம் ‘லாஸ்ட்’. தெளிவில்லை என்றால் ‘அன்கிளியர்’. கோப்பில் அடைப்பே கிடையாது. எக்ஸ்.எம்.எல். கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியில் எபிடாக் குழுவினர் தனியே பராமரிக்கும் ஸ்டைல்ஷீட்டுகள் வெளியீட்டின்போது அடைப்புகளை இடுகின்றன. எந்த லைடன் மரபின்படி இட வேண்டும் என்பதை ஓர் அளவுருவை மாற்றிச் சொல்லிவிடலாம். எத்தனை எழுத்து அழிந்தது என்றே தெரியாத இடத்தைக் கல்வெட்டியலாளர் சில சிறு கோடுகளால் காட்டுவார்; பாப்பிரஸ் ஏடுகளைப் பதிப்பிப்பவர் அதே இடத்தில் ‘ஏறத்தாழ எத்தனை?’ என்று பொருள்படும் சுருக்கத்தை அடைப்புக்குள் போடுவார். கோப்பில் இரண்டும் ஒன்றே. எந்த மரபு என்பதைப் பதிப்பகம் முடிவு செய்துகொள்ளட்டும். கல்லில் என்ன இருக்கிறது என்பதில் அதற்குப் பேச்சில்லை.

தமிழ்க் கல்வெட்டுகளில் கிரந்த எழுத்து வரும் இடங்கள் இன்னும் சுவையானவை. சோழர் கல்வெட்டுகள் பலவும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று கிரந்தத்தில் தொடங்கி, மெய்க்கீர்த்தியில் தமிழ் எழுத்துக்கு மாறும். நடுநடுவே வடசொற்களுக்கு மீண்டும் கிரந்தம் எட்டிப்பார்க்கும். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் சேர்ந்த கல்வெட்டுகளை எபிடாக் வழியில் பதிப்பித்த, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2019-இல் தொடங்கிய தர்மா திட்டம், இத்தகைய எழுத்துகளை ‘ஹை’ குறிச்சொல்லுக்குள் வைத்து ‘ரெண்ட்’ பண்பில் கிரந்தம் என்று எழுதச் சொல்கிறது. எழுத்து மாறுவதை வெறும் தோற்றப் பண்பாகக் கருதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது, ஏனென்றால் சிற்பி எதைச் செதுக்கினார் என்பதைத்தான் அது பதிகிறது. சொல் எம்மொழியைச் சேர்ந்தது என்ற தீர்ப்பை அது வழங்கவில்லை. அதைக் காட்டும் விதம் வேறு கதை. ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் கிரந்தப் பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டும் வழக்கம் இருக்கிறது. 2014-இல் யூனிகோட் 7.0 பதிப்பில் கிரந்தத்துக்குத் தனி இடம் கிடைத்துவிட்டதால், விரும்புபவர் உண்மையான கிரந்த எழுத்துகளிலேயே காட்டவும் இப்போது வழியுண்டு. ‘தடித்த எழுத்து’ என்று கோப்புக்குள் எழுதிவைத்திருந்தால், அது கிரந்தமா, தலைப்பா, அழுத்தமா என்று ஒவ்வோர் இடமாகக் கல்லின் படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ‘கிரந்தம்’ என்று எழுதியிருப்பதால் வெளியீட்டு விதியை மட்டும் மாற்றினால் போதும்.

வெளியே வைப்பது என்றால் எவ்வளவு தூரம் வெளியே? இங்கேதான் பல திட்டங்கள் வழுக்குகின்றன. நான் பின்னாளில் சென்று சேர்ந்த ஒரு நூல்தொகுப்புத் திட்டத்தில், இணையதளத்தை ஒரு சிறு நிறுவனம் கட்டிக்கொடுத்திருந்தது. எக்ஸ்.எம்.எல். கோப்புகள் பத்திரமாக இருந்தன. காட்சி விதிகள் முழுவதும் அந்நிறுவனத்தின் வார்ப்புருக்களுக்குள் இருந்தன. நிறுவனம் தொழிலை நிறுத்தியது, சேவையகக் கட்டணமும் நின்றது, தளம் மறைந்தது. போனது வெறும் அழகு என்றால் கவலையில்லை. கோப்புகளைத் திறந்து பார்த்தால், சொற்றொடர்களில் பல ‘ஹை’ குறிச்சொல்லுக்குள் இருந்தன. அவற்றின் ‘ரெண்ட்’ மதிப்பு ‘எஸ்டி3’. வேர்டு கோப்பிலிருந்து தானாக மாற்றியபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்த மூன்றாம் ஸ்டைல் என்பது பாடவேறுபாடா, உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோளா, பதிப்பாசிரியர் சேர்த்ததா என்பதைச் சொல்லும் ஒரே வரி, மறைந்துபோன சி.எஸ்.எஸ். கோப்பில் இருந்திருக்கிறது. அச்சுப் பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அதை மீட்க முடிந்தது. காட்சி விதி பிரதிக்கு வெளியே இருந்ததால் வந்த வினையல்ல இது. பிரதி சொல்ல வேண்டிய பொருளையும் சேர்த்து அது சுமந்துகொண்டிருந்ததுதான் கோளாறு. ஸ்டைல்ஷீட்டை அழித்துவிட்டாலும் கோப்பு தன் பொருளை இழக்காமல் இருக்கிறதா என்று சோதிப்பதை, அதற்குப் பிறகு வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டோம்.

விதிகளை இயக்கும் நிரலும் நிலையானதன்று. எக்ஸ்.எம்.எல். கோப்பின் முதல் வரிகளில் இன்ன ஸ்டைல்ஷீட்டைப் பயன்படுத்து என்று ஓர் அறிவிப்பு எழுதினால், உலாவியே எக்ஸ்.எஸ்.எல்.டி. விதிகளை ஓட்டிப் பக்கத்தைக் காட்டும் என்பது 1999 முதல் இருந்துவரும் ஏற்பாடு. சர்வர் பக்கம் எந்த நிரலும் வேண்டாம் என்பதால் சிறிய திட்டங்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. 2025-இல் குரோம் உலாவியின் குழு, எக்ஸ்.எஸ்.எல்.டி. ஆதரவை நீக்கும் திட்டத்தை அறிவித்தது. அந்த அறிவிப்பு வரியை நம்பியிருக்கும் கோப்புகள் இனி மாற்று வழி தேட வேண்டும். விதிகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, உலாவிக்கு வெளியே சாக்ஸன் போன்ற செயலியில் அவை வழக்கம்போல ஓடும். சங்கடம் என்னவென்றால், ‘இன்ன ஸ்டைல்ஷீட்’ என்ற வரி பிரதிக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கொள்கையின் முகவரியைச் சாட்சியத்துக்குள் எழுதிவைத்ததன் விலை, ஒவ்வொரு கோப்பையும் திறந்து திருத்துவது.

பிரதிக் கோப்புக்கும், தளத்தைக் காட்டும் மென்பொருளுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். டி.இ.ஐ. நெறிகளில் ஒரு திட்டம் எந்தக் குறிச்சொற்களைப் பயன்படுத்துகிறது, எவற்றை விலக்குகிறது, ஒவ்வொன்றுக்கும் அங்கே என்ன பொருள் என்பதையெல்லாம் ஓ.டி.டி. என்ற கோப்பில் எழுதிவைப்பார்கள் (படம் பார்க்கும் ஓ.டி.டி. அல்ல). அதிலிருந்து, கோப்பின் அமைப்பைச் சரிபார்க்கும் ஸ்கீமாவும் விளக்கக் கையேடும் தானாக உருவாகும். செபாஸ்டியன் ராட்ஸ், மாக்தலேனா துர்ஸ்கா முதலியோர் டி.இ.ஐ. சிம்பிள் என்ற திட்டத்தில் உழைத்து, காட்சி விதியையும் அதே கோப்பில் எழுதும் முறையை உருவாக்கினார்கள். 2016-இல் அது பி5-இன் 3.0 பதிப்பில் சேர்ந்தது. ‘நோட்’ என்ற குறிச்சொல்லுக்கு நேராக, இதை அடிக்குறிப்பாக நடத்து என்று ஒரு ‘மாடல்’ எழுதுகிறோம். இணையத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று வேறு மாடல்களும் எழுதலாம். எப்படிச் செய்வது என்ற நிரலாக்க நுணுக்கம் அதில் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் இருக்கிறது. டி.இ.ஐ. பப்ளிஷர் போன்ற மென்பொருள் அந்த அறிவிப்பைப் படித்து இணையப் பக்கத்தையோ மின்னூலையோ ஆக்கித் தருகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு பண்பு. மூலத்தின் தோற்றக் குறிப்பைக் காட்சியில் பின்பற்றலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாடலிலும் ஆம், இல்லை என்று சொல்லிவிட முடிகிறது. மேலே சொன்ன கசிவை அடைத்துவிடாமல், அதற்கு ஒரு மதகு கட்டி, மதகைத் திறக்கும் பொறுப்பைப் பதிப்பாசிரியரிடம் கொடுத்திருக்கிறார்கள். குறைகளும் உண்டு: இந்த முறையை முழுமையாக இயக்கும் மென்பொருள்கள் சிலவே, சிக்கலான பக்க அமைப்புக்கு அறிவிப்புகள் போதாமல் கடைசியில் நிரல் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இருந்தாலும், மென்பொருள் போய்விட்டாலும் அந்தக் கோப்பை எடுத்து ஒரு மனிதர் படித்து, இந்தத் திட்டம் தன் பிரதிகளை எப்படிக் காட்ட நினைத்தது என்று புரிந்துகொள்ள முடியும். வார்ப்புருக்களுக்குள் புதைந்த விதியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பிரதி, தலைப்பகுதி, ஓ.டி.டி. கோப்பு ஆகிய மூன்று இடங்களும் ஒரே அடியில் சந்திக்கும் எடுத்துக்காட்டு நம் செய்யுளிலேயே இருக்கிறது. மூதுரையின் முதல் வெண்பாவில் இரண்டாம் அடியை அச்சுப் பதிப்புகள் ‘என்று தருங்கொல் எனவேண்டா – நின்று’ என்று தருகின்றன. நேரிசை வெண்பாவில் அந்த அடியின் நான்காம் சீர் தனிச்சொல். அதைத் தனித்துக் காட்டுவதற்காக முன்னால் ஒரு சிறு கோடு. ஓலையில் இந்தக் கோடு இல்லை. அடிக்கு அடி வரி முறிப்பதும் இல்லை. பாட்டு ஓலையின் அகலம் முழுவதும் தொடர்ந்து ஓடும். கோட்டை ஓர் எழுத்தாகவே தட்டச்சு செய்துவைத்தால், ‘எனவேண்டா நின்று’ என்று தேடுபவருக்கு அந்த அடி கிடைக்காது. சீர் எண்ணும் நிரல் தடுமாறும். ஆகவே ‘நின்று’ என்ற சீரைத் தனிச்சொல் என்று குறிப்பது பிரதிக்குள் செய்ய வேண்டிய வேலை. அது யாப்பு பற்றிய பதிப்பாசிரியரின் தீர்மானம். நாம் அடிப்படையாகக் கொண்ட அச்சுப் பதிப்பு கோடு இட்டிருந்தது என்பது சாட்சியம். தனிச்சொல்லுக்கு முன் கோடு உண்டு என்று தலைப்பகுதியின் ‘ரெண்டிஷனில்’ ஒருமுறை எழுதினால் போதும், ‘முன்னால்’ என்று இடம் சுட்டவும் அதில் வசதியிருக்கிறது. இன்றைய வாசகருக்குக் கோடு இடுவதா, இடைவெளி விடுவதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்பது ஓ.டி.டி. கோப்பில்.

அதே வெண்பாவின் முதல் அடி இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை வகுக்கிறது. ‘நன்றி யொருவற்கு’ என்று சீர்ப்படி அச்சிடுவதும் ‘நன்றி ஒருவற்கு’ என்று சந்தி பிரித்து அச்சிடுவதும் பார்வைக்கு இடைவெளி, எழுத்துச் சேர்க்கை பற்றிய சிறு வேறுபாடாகத் தோன்றும். இவற்றை ஸ்டைல்ஷீட்டிடம் விடவே முடியாது. எங்கே பிரிப்பது என்பது பொருள்கோள். உரையாசிரியர்கள் சண்டையிட்ட இடங்கள் இவைதாம். இரண்டு வடிவங்களும் பிரதிக்குள்ளேயே இணையாக இருக்க வேண்டும். எதைக் காட்டுவது என்று தேர்வதை மட்டும் வெளி விதிக்கு விடலாம்.

பிரதியே கணினியில் பிறந்ததாக இருந்தால் எல்லைக்கோடு இன்னும் மங்குகிறது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0, எழுத்துருவைக் குறிக்கும் ‘ஃபான்ட்’ குறிச்சொல்லைத் தவிர்க்கச் சொன்னது, தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் வாதம். அடுத்த மாதம், 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் தரத் தொடங்கியது. யூனிகோட் தமிழ் நடைமுறைக்கு வந்திராத அந்த ஆண்டுகளின் தமிழ் இணையப் பக்கங்களில் எழுத்துருவின் பெயர் அலங்காரம் அன்று. பக்கம் எந்தக் குறியேற்றத்தில் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற ஏற்பாட்டில்) தட்டச்சு செய்யப்பட்டது என்பதற்கு அதுவே ஆதாரம். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது படிக்க முடியாத லத்தீன் எழுத்துக் குவியல். தோற்றக் கட்டளைகளைக் களைந்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று நிரலுக்குச் சொன்னால், அது முதலில் களைவது அந்தப் பெயரைத்தான்.

இத்தகைய பக்கங்களை டி.இ.ஐ. வடிவத்துக்கு மாற்றும்போது, பிரதியை யூனிகோடில் எழுதிவிட்டு, பழைய எழுத்துருவின் பெயரையும் குறியேற்றத்தையும் எந்த மாற்றியின் வழியாக வந்தது என்பதையும் தலைப்பகுதியின் குறியேற்ற விளக்கத்தில் சாதாரண உரைநடையில் எழுதிவைக்கிறேன். பச்சைத் தலைப்பு, நடுவில் அமைந்த பாடல், பக்கத்தின் அடியில் ஓடிய பட்டைக் கோடு ஆகியவை ‘ரெண்டிஷன்’ உறுப்புகளாக அதற்கு அடுத்து வருகின்றன. 1998-இல் ஒருவர் தம் கணினியில் அமர்ந்து தேர்ந்த பச்சை நிறம், 19ஆம் நூற்றாண்டின் அச்சுக்கோப்பவர் தேர்ந்த பெரிய எழுத்துக்குச் சமமான சாட்சியமா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். சமமானதுதான் என்று வைத்துக்கொண்டு பதிகிறேன். வெளியீட்டில் அதைக் காட்டும் மாடலை மட்டும் இப்போதைக்கு எழுதவில்லை.